செத்த கலத்தைத் தின்பது யார்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து உயர்தர உயிரியல் மாணவர்களும் அவர்களின் வீட்டாரும் கேட்கிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். தின்குழியம் (மற்றவற்றை விழுங்கிச் செமிக்கும் கலம்) என்றதும் எல்லோருக்கும் பற்றீரியாதான் நினைவுக்கு வரும். உண்மையில் அவை நாள்தோறும் தின்பதில் பெரும்பங்கு நம்முடைய சொந்தக் கலங்களே (செல்களே).

ஒரு நாளைக்கு எத்தனை கலங்கள் சாகின்றன?

வளர்ந்த ஒருவரின் உடம்பில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 33,000 கோடி கலங்கள் போய்ப் புதியவை வருகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நிறையில் பார்த்தால் 80 கிராம் அளவு. எண்ணிக்கையில் பெரும்பங்கு செங்குழியங்கள். மிச்சத்தில் குடலின் உட்சுவர்க் கலங்களும் கணிசமானவை. அவை உதிர்ந்து மலத்தோடு போய்விடும். தோல் கலங்கள் குளிக்கும்போது போகும். ஆனால் சிறுநீரகத்துக்குள்ளோ மூளைக்குள்ளோ சாகிற கலத்துக்கு வெளியே போக வழியில்லை. அதை யாராவது அங்கேயே தின்றாக வேண்டும்.

இவ்வளவு சாவு நடந்தும், நல்ல சுகதேகியின் இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செத்த கலம் கண்ணில் படுவது அரிது. தைமசுச் சுரப்பியில் உருவாகும் இளம் T கலங்களில் (ஒருவகை வெண்குழியம்) நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அங்கேயே சாகின்றன. அங்கும் பிணத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அகற்றும் வேலை அவ்வளவு விரைவு. கலம் சாவதால் வரும் கேட்டைவிட, செத்தது எடுபடாமல் கிடப்பதால் வரும் கேடுதான் பெரிது. கீழே வரும் நோய்களில் பாதி அந்தக் கதைதான்.

கலம் சாவதில் வகை உண்டா?

உண்டு. பழைய வீட்டை ஓடு இறக்கி, தீராந்தி கழற்றி, கல்லைத் தனியே அடுக்கிப் பிரிப்பது ஒரு வகை. இரவில் ஆனை வந்து சுவரைத் தள்ளிவிட்டுப் போவது இன்னொரு வகை. முதலாவது அப்போப்டோசிஸ். கேர், வைலி, கரி என்னும் மூவர் 1972 இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கலம் சுருங்கும், கரு இறுகும், டிஎன்ஏ துண்டுபடும், மென்சவ்வு குமிழ் குமிழாகப் புடைக்கும், ஆனால் கிழியாது. இரண்டாவது நெக்ரோசிஸ். கலம் வீங்கி உடைந்து உள்ளிருந்ததெல்லாம் வெளியே கொட்டும். சுற்றியுள்ள இழையம் அழற்சியில் சிவந்து வீங்கும். நாகம் தீண்டிய இடத்தில் சதை கறுத்து அழுகுவது இந்த வகை.

இடைப்பட்ட வகைகளும் இருக்கின்றன. உயர்தரத்துக்கு இந்த இரண்டும் போதும்.

சாகப்போகிற கலம் அதைப் பக்கத்துக் கலத்துக்கு எப்படித் தெரிவிக்கிறது?

இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கலத்தைச் சூழ்ந்த முதலுருமென்சவ்வு இரண்டு படைகளாலானது. பொஸ்பற்றிடைல்செரின் என்னும் பொசுபோலிப்பிட்டு (ஒருவகைக் கொழுப்பு) உயிருள்ள கலத்தில் உட்படையில் மட்டுமே இருக்கும். தப்பித்தவறி வெளியே வந்தால் அதைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்கென்றே கலத்தின் சக்தியான ஏடிபியைச் செலவழித்து வேலை செய்யும் புரதங்கள் உண்டு. கலம் சாகத் தொடங்கியதும் கஸ்பேசு என்னும் நொதியங்கள் விழிக்கின்றன. இவை கண்டபடி வெட்டுவதில்லை. உள்ளே தள்ளும் புரதத்தை வெட்டி முடக்குகின்றன. எக்ஸ்கேஆர்8 என்னும் இன்னொரு புரதத்தின் வாலை வெட்டி அதை இயங்கவைக்கின்றன. அதன் வேலை இரண்டு படைகளையும் கலந்துவிடுவது. கொஞ்ச நேரத்தில் பொஸ்பற்றிடைல்செரின் வெளிப்படையில் நிறைந்துவிடும். தின்குழியம் அதைத் தொட்டால் விழுங்கலாம் என்று கொள்கிறது. எக்ஸ்கேஆர்8 இன் இந்த வேலையை 2013 இல் காட்டியது ஜப்பானின் ஷிகெகசு நகட்டாவின் குழு.

சரி, தூரத்தில் இருக்கிற தின்குழியம் எப்படி வருகிறது? அதே கஸ்பேசு, மென்சவ்விலுள்ள பனெக்சின் என்னும் வாய்க்காலின் நுனியையும் வெட்டித் திறந்துவிடுகிறது. அதன் வழியே ஏடிபி சிறிதளவு கசியும். அந்தக் கசிவின் செறிவு கூடும் திசையை நோக்கித் தின்குழியம் நகரும். நாம் சக்தி நாணயம் என்று மட்டும் படித்த ஏடிபி இங்கே வாசனை போல வேலை செய்கிறது.

உயிருள்ள கலம் தப்புவது எப்படி என்ற கேள்வியும் உடனே வரும். அதன் மேற்பரப்பில் சிடி47 என்னும் புரதம் இருக்கிறது. தின்குழியம் அதைத் தொட்டால் பின்வாங்கும். சிடி47 இல்லாத செங்குழியங்களை எலிக்கு ஏற்றிப் பார்த்தபோது, மண்ணீரல் அவற்றை விறுவிறுவென்று அகற்றிவிட்டது.

தின்பது மக்ரோபேஜ் என்னும் பெரிய தின்குழியம்தானே? பக்கத்துக் கலமும் தின்னுமா?

தின்னும். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

சீனோரப்டிடிஸ் எலிகன்ஸ் என்று ஒரு மில்லிமீற்றர் நீளமான உருளைப்புழு இருக்கிறது. அதன் வளர்ச்சியில் 1,090 உடற்கலங்கள் உருவாகின்றன, அவற்றுள் 131 சாகின்றன, மிஞ்சுவது 959. எந்த இருபாலிப் புழுவை எடுத்தாலும் இதே கணக்கு, சாவதும் இன்ன இன்ன கலங்களே. இந்தப் புழுவிடம் மக்ரோபேஜ் என்று ஒன்றே கிடையாது. பக்கத்திலிருக்கும் தோல் கலமோ தசைக் கலமோ குடல் கலமோ செத்ததை விழுங்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். இந்தப் புழுவில் கண்டவற்றுக்காக சிட்னி பிரென்னர், ரொபர்ட் ஹோர்விட்ஸ், ஜோன் சல்ஸ்ரன் மூவருக்கும் 2002 இல் நோபல் பரிசு கிடைத்தது.

முலையூட்டியிலும் இது நடக்கிறது. கருவில் விரல்களுக்கு இடையே இருக்கும் சவ்வின் கலங்கள் சாவதால்தான் நமக்கு விரல்கள் பிரிந்தன. வழக்கமாக அங்கே மக்ரோபேஜ் வந்து துப்புரவாக்கும். மக்ரோபேஜே உருவாகாதபடி மரபணு மாற்றிய எலிக்கருவிலும் விரல்கள் பிரிந்தன. பக்கத்து இழையக் கலங்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன, கொஞ்சம் மெதுவாக.

கண்ணில் இன்னும் வியப்பு. விழித்திரையின் ஒளி வாங்கும் கலங்கள் நாள்தோறும் தம் நுனியில் பத்திலொரு பங்கை உதிர்க்கின்றன. அடுத்திருக்கும் நிறப்பொருட் கலப்படை அந்தத் துண்டுகளை நாள்தோறும் தின்கிறது, ஆயுள் முழுவதும். துண்டைப் பற்றிப்பிடிக்கும் மேற்பரப்புப் புரதங்களான வாங்கிகளில் ஒன்றான மெர்ட்கே பழுதாகப் பிறந்தவர்களுக்கு விழித்திரை சிறுகச் சிறுகச் சிதைந்து பார்வை போகும்.

பால்குடி மறந்த பிறகு மார்பு பழையபடி சிறுக்கிறதே, அதுவும் இதுதானா?

ஆம். பால் சுரந்த கலங்களில் பெரும்பகுதி சாகிறது. சுண்டெலியில் பார்த்தபோது, நேற்றுவரை பால் சுரந்த மேலணிக் கலங்களே முதல் நாட்களில் செத்த அயற்கலங்களையும் மிஞ்சிய பாற்கொழுப்பையும் தின்றன. மக்ரோபேஜ் பிந்தித்தான் வந்தது. செத்த கலத்தையும் தின்குழியத்தையும் இணைக்கும் எம்எஃப்ஜி-இ8 என்ற புரதத்தை முதலில் கண்டதும் பாலின் கொழுப்புக் குமிழ்களில்தான். அது இல்லாத எலிகளுக்குப் பால் மறந்ததும் முலைச்சுரப்பியில் அழற்சி வந்தது.

விழுங்கிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

வாங்கி ஒட்டிப் பிடித்ததும், தின்னும் கலத்தின் அக்டின் இழைகள் அந்த இடத்தில் கூடி மென்சவ்வை இரு பக்கமும் நீட்டும். நீண்ட மென்சவ்வு செத்த துண்டைச் சுற்றி வந்து மூடிக்கொள்ளும். இப்போது அது கலத்துக்குள் ஒரு பை. அந்தப் பை, செமிக்கும் நொதியங்கள் நிறைந்த இலைசோசோமுடன் சேரும்; உள்ளே pH 7 இலிருந்து 5 இற்குக் கீழே இறங்கும்; அமிலத்தில் மட்டும் வேலை செய்யும் நொதியங்கள் தொடங்கும். கதெப்சின்கள் புரதத்தை அமினோவமிலமாக்கும், லைப்பேசு கொழுப்பை உடைக்கும், டிஎன்ஏயேசு-2 என்பது டிஎன்ஏயை வெட்டும்.

கடைசியாகச் சொன்னது சின்ன விடயம் இல்லை. எலும்புமச்சையில் ஒவ்வொரு செங்குழியமும் முதிரும்போது தன் கருவைத் துப்பிவிடும். அதைச் சுற்றிக் குந்தியிருக்கும் மக்ரோபேஜ் அந்தக் கருவைத் தின்னும். டிஎன்ஏயேசு-2 இல்லாத எலியில் மக்ரோபேஜுகள் விழுங்கின, ஆனால் செமிக்கவில்லை. செமிக்காத டிஎன்ஏயை வைரசு என்று எடுத்துக்கொண்டு அதை எதிர்க்கும் இன்ரர்பெரோன் என்னும் புரதத்தைக் கொட்டின. அந்த எலிக்கருக்கள் குருதிச்சோகையில் பிறக்குமுன்பே செத்தன. ஆக, விழுங்குவதோடு வேலை முடிவதில்லை.

இன்னொரு சுமை கொலஸ்ரரோல். தன்னளவு பருமனுள்ள கலம் ஒன்றைத் தின்றால் அதன் கொலஸ்ரரோல் முழுதும் உள்ளே வந்துவிடும், அதை உடைக்க மனிதக் கலத்துக்கு வழி இல்லை. ஏபிசிஏ1 என்னும் பம்பை அதிகமாக்கி வெளியே அனுப்புகிறது. நாடிச் சுவரில் இந்த ஏற்பாடு தோற்று, தின்ன வந்த மக்ரோபேஜே கொழுப்பேறிச் சாக, அதைத் தின்ன ஆளில்லாமல் போக, பிணக்குவியல் சேர்ந்து வெடிக்கிற நிலைக்கு வருவதுதான் பல மாரடைப்புகளின் பின்னணி.

அப்புறம், செத்த கலத்தைத் தின்ற தின்குழியம் டிஜிஎஃப்-பீற்றா, ஐஎல்-10 போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து சுற்றிலும் அழற்சியைத் தணிக்கும். பற்றீரியாவைத் தின்றால் நேர்மாறு. இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலைசோசோம் “தற்கொலைப் பை”, அது வெடித்துத்தான் கலம் சாகிறது என்று ரியூசனில் சொன்னார்கள். சரியா?

அப்போப்டோசிஸுக்குச் சரியல்ல. கிறிஸ்ரியன் டி டூவே 1955 இல் இலைசோசோமை அறிவித்த காலத்தில் எழுந்த எண்ணம் அது, பெயர் கவர்ச்சியாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. சாகிற கலத்தை உள்ளிருந்து வெட்டுவது கஸ்பேசு. முடிவில் செமிக்க வைப்பது தின்னும் கலத்தின் இலைசோசோம்.

வாற்பேத்தையின் வால் எங்கே போகிறது?

மாரி தொடங்கியதும் வயல் வரப்போரத் தண்ணீரில் பாருங்கள். முன்கால் முளைத்த வாற்பேத்தையைப் பிடித்து, அதே குட்டைத் தண்ணீருடன் அகலமான சட்டியில் ஒரு கல்லும் வைத்து விட்டால், சில நாட்களில் வால் நுனியிலிருந்து கறுத்துச் சுருங்கி வருவதைக் காணலாம். வால் அறுந்து விழுவதில்லை. தைரொட்சின் கட்டளையிட, வாலின் தசை, தோல், முண்ணாண் எல்லாக் கலங்களும் சாகின்றன, மக்ரோபேஜுகள் தின்கின்றன, அதிலிருந்த புரதம் உடம்புக்கே திரும்புகிறது. இந்த நாட்களில் வாய் மாறிக்கொண்டிருப்பதால் அது இரை எடுப்பதில்லை, எனவே சோறு போட்டுத் தண்ணீரைக் கெடுக்க வேண்டாம். பார்த்து முடிந்ததும் வயலிலேயே விட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கத்துச் சிறுநீரக நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வட மத்திய மாகாணத்திலும் வவுனியா போன்ற அயல் மாவட்டங்களிலும், சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத விவசாயிகளுக்கு வரும் நாட்பட்ட சிறுநீரக நோயைத்தான் கேட்கிறீர்கள். தண்ணீரின் தன்மை, விவசாய இரசாயனம், வெயிலில் உடல் வறளுதல் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. எது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கத்துக்கு உரியது வேறு.

அந்த நோயில் முதலில் அடிபடுவது சிறுநீரகக் குழாய்களின் சுவர்க்கலங்களும் அவற்றைச் சூழ்ந்த இழையமும். குழாய் நுண்ணியது. செத்த கலங்கள் உதிர்ந்து சேர்ந்தால் குழாயே அடைபடும். அப்போது உயிரோடிருக்கும் பக்கத்துச் சுவர்க்கலங்கள் கிம்-1 என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் நீட்டுகின்றன. சுகமான சிறுநீரகத்தில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கிம்-1 பொஸ்பற்றிடைல்செரினைப் பற்றிப்பிடிக்கும். உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொண்டிருந்த சாதாரணக் கலம் திடீரென்று தின்குழியமாகி அயலவரின் பிணத்தை விழுங்கும். சடுதியாக வந்த காயத்தில் இது சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறது.

ஆனால் காயம் ஓயாமல் தொடர்ந்தால் கிம்-1 உம் ஓயாமல் இருக்கும். அப்படி வைத்திருந்த எலிகளின் சிறுநீரகம் நார்பிடித்துச் சுருங்கியது. கிம்-1 இன் வெளிநுனி அறுந்து சிறுநீரில் வருவதால், குருதியில் சேரும் கழிவான கிரியற்றினின் ஏறுமுன்பே காயத்தைக் கண்டுகொள்ள அதை ஆய்வாளர்கள் அளந்து பார்க்கிறார்கள். கிளினிக்கில் வழக்கமாகப் பார்ப்பது சிறுநீர்ப் புரதமும் கிரியற்றினினும்தான். அவற்றைத் தவறாமல் பாருங்கள்.

சீழ் என்பது என்ன? சீனி வருத்தக்காரரின் புண் ஏன் ஆறுவதில்லை?

சீழில் பெரும்பகுதி நியூத்திரோபில் என்னும் வெண்குழியங்கள், செத்தவை. இவை புண்ணுக்கு முதலில் வந்து, பற்றீரியாவோடு பொருதி, கொஞ்ச காலத்தில் சாகும். மக்ரோபேஜ் அவற்றைத் தின்றால்தான் அழற்சிக் கட்டம் முடிந்து சதை வளரும் கட்டம் தொடங்கும். நீரிழிவில் மக்ரோபேஜின் இந்தத் திறன் குறைகிறது. எடுபடாத நியூத்திரோபில்கள் வெடித்து நொதியங்களைக் கொட்டிப் புண்ணைப் புதிதாகவே வைத்திருக்கும். குருதி ஓட்டமும் நரம்பு மரத்துப்போவதும் சேர்ந்த சிக்கல் அது, இது ஒன்றே காரணம் அல்ல. வயலில் வெறுங்காலோடு இறங்குகிறவர்கள் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் மலேரியாக் காய்ச்சல்காரருக்கு மண்ணீரல் வீங்குமாமே?

செங்குழியத்தின் ஆயுள் 120 நாள். மண்ணீரலில் ஒரு மைக்கிரோமீற்றரை ஒட்டிய இடுக்குகளுக்குள் நெளிந்து வெளியேற முடியாத கிழட்டுக் கலத்தை மக்ரோபேஜ் தின்றுவிடும். மலேரியா ஒட்டுண்ணி புகுந்த செங்குழியம் விறைத்துப்போகும், அதுவும் சிக்கும். வேலை பெருகப் பெருக மண்ணீரல் பருக்கும். ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது என்று வயிற்றைத் தடவி எண்ணியே அக்காலத்தில் மலேரியாவின் கடுமையை அளந்தார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அடிபட்டுக் கன்றின இடம் நீலத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாவதும் இதே வேலைதான். மக்ரோபேஜ் ஈமோகுளோபினை உடைக்கையில் முதலில் பச்சை நிறமான பிலிவேடினும், பிறகு மஞ்சள் நிறமான பிலிரூபினும் வரும். இரும்பு வீணாவதில்லை, எலும்புமச்சைக்குத் திரும்பும்.

தாவரத்தில் இது நடக்குமா?

நடக்காது. கலச்சுவர் இருக்கும்போது பக்கத்துக் கலம் எப்படி விழுங்கும்? தாவரக் கலம் சாகும்போது தன் புன்வெற்றிடத்தைத் தானே உடைத்துத் தன்னைத்தானே கரைத்துக்கொள்கிறது.

காலபோக வயலில் ஒரு நெற்பயிரைப் பிடுங்கி, முதிர்ந்த வேரைக் குறுக்காக பிளேட்டால் மெல்லிய சீவலாக வெட்டி, தண்ணீர்த் துளியில் வைத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். மேற்பட்டையில் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பெரிய வெளிகள் தெரியும். இடையில் நூல் போலச் சில கலச்சுவர்கள் மட்டும் நிற்கும். அங்கே இருந்த கலங்கள் செத்துக் கரைந்து காற்றுக்கு வழிவிட்டிருக்கின்றன. இலையிலிருந்து ஒட்சிசன் அந்த வழியே வேர்நுனிக்கு இறங்குகிறது. நெல் தண்ணீருக்குள் நிற்பதும் பயறு நிற்க முடியாமல் அழுகுவதும் பெரிதும் இதனால்தான்.

முதிரை வைரமும் செத்த கலங்களே. மரம் அவற்றை அகற்றுவதில்லை, பிசினும் நிறப்பொருளும் நிரப்பி அங்கேயே வைத்துக்கொள்கிறது.

கந்தசஷ்டி விரதம் பிடித்தால் செத்த கலங்கள் எல்லாம் அழியும் என்று வீடியோ ஒன்றில் சொல்கிறார்களே?

இரண்டைப் போட்டுக் குழப்புகிறார்கள். அவர்கள் சொல்வது ஓட்டோபஜி, உயிருள்ள கலம் தன் பழுதான இழைமணி போன்ற பாகங்களைத் தன் இலைசோசோமுக்கே அனுப்புவது. மதுவத்தில் அதன் மரபணுக்களைக் கண்டதற்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016 இல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டினியில் அது கூடுவது உண்மை. செத்த அயற்கலத்தைத் தின்பது வேறு. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் நொடிக்கு நொடி நடக்கும். “16 மணி நேரத்தில் உடம்பு துப்புரவாகும்” என்பதெல்லாம் வீடியோக்காரரின் கணக்கு. விரதம் பக்திக்காக இருக்கட்டும். இன்சுலின் அல்லது சீனி மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கிருமி இந்த வழியை ஏமாற்றுமா?

ஏமாற்றும். மணல் ஈ கடித்து வரும், நோவில்லாத, மாதக்கணக்கில் ஆறாத தோற்புண் நம் வறண்ட வலயத்திலும் உண்டு. அதற்குக் காரணமான லீஷ்மேனியா மக்ரோபேஜுக்கு உள்ளேயே வாழும் ஒட்டுண்ணி. சில லீஷ்மேனியா இனங்கள் பொஸ்பற்றிடைல்செரினை வெளியே காட்டிச் செத்த கலம் போல நடித்து உள்ளே போகின்றன. மக்ரோபேஜும் அழற்சியில்லாமல் அமைதியாக விழுங்கிவிடுகிறது. அப்படிப் புண் இருந்தால் தோல் கிளினிக்குக்குப் போங்கள், சிகிச்சை இருக்கிறது.

உடம்பின் நிர்ப்பீடனமே தன்னைத் தாக்கும் லூப்பசு நோயும் இதனால்தான் என்கிறார்களே?

பல காரணங்களில் முக்கியமான ஒன்று. செத்த கலம் நேரத்துக்கு எடுபடாமல் உடைந்தால் உள்ளிருந்த டிஎன்ஏயும் கருப்புரதங்களும் நிர்ப்பீடனத் தொகுதியின் கண்ணில் படும். அவற்றுக்கு எதிராகவே பிறபொருளெதிரி உருவாகும். பிணத்தில் ஒட்டித் தின்குழியத்துக்கு உதவும் சி1க்யூ என்னும் புரதம் இல்லாமல் பிறப்போர் மிகச் சிலர். அவர்களில் பெரும்பாலானோருக்கு லூப்பசு வருகிறது.

இதை வைத்துப் புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டதா?

முயன்றார்கள். பல புற்றுநோய்க் கலங்கள் சிடி47 ஐ அளவுக்கு மீறி அணிந்து தின்குழியத்திடமிருந்து தப்புகின்றன. அதை மறைக்கும் மக்ரோலிமாப் என்னும் பிறபொருளெதிரி மருந்தைக் குருதிப் புற்றுநோய்களில் பரிசோதித்தார்கள்; ஆரம்ப முடிவுகள் நம்பிக்கை தந்தன. பெரிய பரிசோதனைகளில் எதிர்பார்த்த பலன் வராததால் 2023 இலும் 2024 இலும் அவை நிறுத்தப்பட்டன. செங்குழியங்களும் அதே சிடி47 ஐத்தான் அணிந்திருக்கின்றன என்பதால் நோயாளிகளுக்குக் குருதிச்சோகையும் வந்தது. இப்போது புற்றுக்கலத்தில் மட்டும் அதை மறைக்கும் வழிகளைத் தேடுகிறார்கள்.